பழைய தெருக்களில் குடும்பத்தைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ஒரு கடித உறை, பின்புறம் ஸ்டுடியோ முத்திரை பதித்த ஒரு படம், "அந்தத் தெருவில்தான் இருந்தோம்" என்று அத்தை எப்போதோ சொன்ன ஒரு வரி. பெரும்பாலான தேடல்கள் இவ்வளவு கொஞ்சத்தில்தான் தொடங்குகின்றன. பல ஆண்டுகளாக நான் இதில் மூழ்கியிருப்பதால் உறவினரும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓர் எண்ணம் ஓடுகிறது: ஆண்டு தெரியாத முகவரி பாதி முகவரிதான்.

பெயரை வைத்துத் தேடுவதுதானே வழக்கம்? ஏன் தெருவிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள்?

பெயர் வழுக்கிக்கொண்டே போகும். பதிவெழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஊர்விட்டு ஊர் போனவர்கள் புது ஊரின் நாவுக்கு ஏற்பத் தங்கள் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். பாட்டனின் பெயரையே பேரனுக்கு வைத்தார்கள். ஒரு நகரத்தில் ஒரே பெயரில் ஐம்பது பேர் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட வீட்டில் அந்தப் பெயருடன் ஐம்பது பேர் இருக்க முடியாது.

அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 1940ஆம் ஆண்டுத் தாள்கள் 2012 ஏப்ரலில் வெளியானபோது பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் தயாராகவில்லை. முகவரி தெரிந்தவர்கள் அந்தத் தெரு எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் வருகிறது என்று பார்த்து, அந்த வட்டத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தங்கள் வீட்டை அடைந்தார்கள். பெயர் மட்டும் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பக்கங்களைப் புரட்டுவதில் இன்னொரு பலனும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் யார், எதிர்வீட்டில் என்ன தொழில், அடுத்த தெருவில் அதே ஊரிலிருந்து வந்த எத்தனை குடும்பங்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். கொள்ளுப்பாட்டியின் பிறந்தகம் மூன்றாவது வீடாகவே இருந்ததை நான் அப்படித்தான் கண்டேன். பெயர் தேடலில் அது வரவே இல்லை. பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

"எந்த வருஷம் அங்கே இருந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். எண்பதைத் தாண்டியவரிடம் ஆண்டைக் கேட்டால் தவறான ஆண்டு வரும். அதைத் திருத்தப்போனால் பேச்சே நின்றுவிடும். கால்களுக்கு நினைவிருப்பதைக் கேளுங்கள். வாசலை விட்டு இறங்கினால் பள்ளிக்கு எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? ஏற்றமா, இறக்கமா? மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? காலை வெயில் எந்த அறையில் விழும்? எந்த மணிச்சத்தம் கேட்கும்? ரயில் எந்தப் பக்கம்?

வரைபடத்தில் சரிபார்க்க முடிந்த பதில்கள் இவை. காலை வெயில் வாசலில் விழுந்தது என்றால் வீடு கிழக்கு பார்த்தது. தெருவின் ஒரு சிறகு, அதாவது ஒரு பக்க வீட்டு வரிசை, அப்போதே கழிந்துவிடுகிறது. அவர்களை ஒரு வெள்ளைத்தாளில் தெருவை வரையச் சொல்லுங்கள். அளவு தப்பாக இருக்கும். வரிசை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மற்ற வேலைகள் எல்லாம் காத்திருக்கும், பெரியவர்களோடு பேசுவது காத்திருக்காது. அதை இந்த வாரமே செய்யுங்கள்.

கடிதத்தில் உள்ள கதவு எண் அதே தெருவில் இன்றும் இருக்கிறது. அதே வீடுதானே?

இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தேடல்களில் மிக அதிகமாக நிகழும் தவறு இதுதான். நானும் ஒரு வீட்டின் முன் நின்று படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி, ஓராண்டுக்குப் பிறகு எங்கள் வீடு எட்டு வாசல் தள்ளி இருந்தது என்று மறுபடி எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

வீடுகளுக்கு எண் இட்டதே குடியிருப்பவர்களின் வசதிக்காக அல்ல. 1770இல் அரசி மரியா தெரேசாவின் ஆட்சியில் வியன்னாவிலும் அவருடைய ஹாப்ஸ்பர்க் வம்சம் ஆண்ட நாடுகளிலும் படைக்கு ஆள் எடுப்பதற்காக எண் போட்டார்கள். எண்கள் தெருவாரியாக ஓடாமல் பகுதிவாரியாக ஓடின. பிற்பாடு கட்டிய வீடு எந்த மூலையில் எழுந்தாலும் பட்டியலின் அடுத்த எண்ணைப் பெற்றது. எனவே 300க்குப் பக்கத்தில் 301 இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இடையில் எண்களை மாற்றியும் இருக்கிறார்கள். 1862இல்தான் வியன்னா தெருவாரி எண்ணுக்கு வந்தது. பிராக் நகரில் இன்றும் ஒரு வாசலில் இரண்டு பலகைகளைப் பார்க்கலாம்: சிவப்பில் இருப்பது அந்தப் பழைய வகைப் பதிவெண், நீலத்தில் இருப்பது தெரு எண். பழைய ஆவணம் ஒன்றில் வெறும் எண் மட்டும் இருந்தால், எந்த நிறப் பலகையின் எண் என்று முதலில் கேட்க வேண்டும்.

பாரிஸ் 1805இல் வேறு முறையை எடுத்தது. சேன் நதியை நோக்கிச் செல்லும் தெருக்களில் எண் நதியிலிருந்து தொடங்கும். நதிக்கு இணையான தெருக்களில் நீர் ஓடும் திசையில் ஏறும். ஒரு சிறகில் ஒற்றைப்படை, மறு சிறகில் இரட்டைப்படை. பெர்லினின் பழைய தெருக்களில் எண் குதிரைலாடம் போல ஓடுகிறது: ஒரு சிறகில் கடைசிவரை போய், குறுக்கே தாண்டி, மறு சிறகில் திரும்பி வருகிறது. அதனால் முதல் எண்ணுக்கு எதிரே கடைசி எண் இருக்கும். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. எண் மனைத் தொகுதிக்கு உரியது. அங்கும் 1962இல் வந்த முகவரிச் சட்டத்துக்குப் பிறகு பல பகுதிகளின் எண்கள் மாறிவிட்டன.

மிகத் தெளிவான எச்சரிக்கை சிகாகோ. 1909 செப்டம்பர் 1 முதல் அந்த நகரம் ஸ்டேட், மேடிசன் தெருக்கள் சந்திக்கும் இடத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்து எண்களைப் புதிதாக அமைத்தது. நடு நகரம் 1911இல் சேர்ந்தது. நல்லவேளையாகப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே அச்சிட்டுப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். உங்கள் நகரத்திலும் இத்தகைய மாற்றுப் பட்டியல் ஏதேனும் நகராட்சிக் காப்பகத்தில் இருக்கக்கூடும். போனால் முதலில் அதைக் கேளுங்கள்.

பட்டியல் கிடைக்கவில்லையென்றால் முனைவீடு கைகொடுக்கும். குறுக்குத் தெருவின் மூலையில் நெடுங்காலம் நின்ற ஒரு கட்டடத்தை, ஒரு தேவாலயத்தையோ பள்ளியையோ மருந்துக்கடையையோ, இரண்டு காலத்து முகவரிப் புத்தகங்களிலும் (நகரத்தில் இருந்தவர்களின் பெயரையும் முகவரியையும் ஆண்டுவாரியாக அச்சிட்ட பட்டியல்கள்) கண்டுபிடியுங்கள். அந்த மூலையிலிருந்து வீடுகளை எண்ணிக்கொண்டே வாருங்கள்.

தெருவின் பெயரே இன்றைய வரைபடத்தில் இல்லையே?

தெரு போய்விட்டதா, பெயர் மட்டும் போய்விட்டதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெயர்தான் போயிருக்கும்.

ஒரு வகை மாற்றம் நிர்வாகத்துக்காக நடந்தது. லண்டனில் ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்து தபால்கள் குழம்பின. 1855இல் உருவான பெருநகரப் பணிகள் வாரியமும், 1889இல் அதன் இடத்துக்கு வந்த கவுண்டி கவுன்சிலும் ஆயிரக்கணக்கில் பெயர்களை மாற்றின. பழைய பெயர், புதிய பெயர், மாறிய ஆண்டு மூன்றையும் சேர்த்துப் பட்டியலாகவும் அச்சிட்டன. இன்னொரு வகை அரசியல். செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் நெவ்ஸ்கி பெருந்தெரு 1918 முதல் 1944 வரை அக்டோபர் 25 பெருந்தெருவாக இருந்தது. நகரத்தின் பெயரும் 1914, 1924, 1991 என மூன்று முறை மாறியது. கிழக்கு பெர்லினில் 1949இல் ஸ்டாலின் பெயரைப் பெற்ற சாலை 1961இல் கார்ல் மார்க்ஸ் பெயருக்கு மாறியது. குடும்பக் கடிதங்களில் இந்தப் பெயர்கள் வந்தால் வருத்தப்படாதீர்கள். அரசியல் பெயர் குறுகிய காலமே வாழ்வதால், தேதியில்லாத கடிதத்துக்கு அதுவே தேதியாகிவிடுகிறது.

பெயர் மாறியதன் தழும்பு சில சமயம் எண்ணில் தங்கிவிடும். பெர்லினின் குர்ஃபுர்ஸ்டென்டாம் சாலையில் வீட்டெண் 11இலிருந்துதான் தொடங்குகிறது. அதன் தலைப்பகுதிக்கு 1925இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

உறையில் தேதி இல்லை. முகவரி மட்டும் இருக்கிறது. காலத்தைக் கணிக்க முடியுமா?

முகவரியின் கடைசி வரியைப் பாருங்கள். லண்டனில் அஞ்சல் வட்டாரத்தைக் குறிக்கும் N, SW போன்ற திசை எழுத்துகள் 1857-58இல் வந்தன. அவற்றோடு எண் சேர்ந்தது 1917இல். அமெரிக்க நகரங்களில் ஊர்ப் பெயரை அடுத்து வரும் ஓரிரு இலக்க எண் 1943இல் வந்தது, ஐந்திலக்க எண் 1963இல். இந்தியாவின் ஆறிலக்கப் பின்கோடு 1972இல். ஜெர்மனியின் ஐந்திலக்கக் குறியீடு 1993இல். குறியீடு இருந்தால் அந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லையென்றால் முந்தியது என்று சொல்ல முடியாது. பழைய பழக்கத்தில் எண் போடாமலே எழுதியவர்கள் ஏராளம்.

எந்த வரைபடத்தைத் தேட வேண்டும்?

சாலைகளை மட்டும் காட்டும் வரைபடம் உங்களுக்குப் பயன்படாது. வீட்டின் சுவர் தெரிய வேண்டும்.

என் கைக்கு முதலில் வர வேண்டும் என்று நான் நினைப்பது தீக்காப்பீட்டு வரைபடம். கட்டடம் தீப்பிடித்தால் எவ்வளவு இழப்பு என்று கணிக்க வேண்டிய காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்டது என்பதால், அது எதையும் அழகுபடுத்தவில்லை. அமெரிக்காவில் 1867இல் தொடங்கிய சான்போர்ன் நிறுவனம் சுமார் 12,000 ஊர்களை, ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரைந்தது. இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். எத்தனை மாடி, கூரை எதனால் ஆனது, கதவும் ஜன்னலும் எங்கே, குடியிருப்பா கடையா எல்லாம் இருக்கும். கனடாவிலும் பிரிட்டனிலும் கோட் நிறுவனம் இதே வேலையைச் செய்தது. உங்கள் முன்னோர் செங்கல் வீட்டின் பின்னால், குதிரைலாயத்தை ஒட்டிய மரக்கொட்டகையில் குடியிருந்தார்கள் என்பதை எந்தக் கடிதமும் சொல்லியிருக்காது. மஞ்சள் நிறக் கட்டம் ஒன்று சொல்லிவிடும்.

பிரிட்டனில் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வரைந்த நகரப் படங்கள் 1:500 அளவு வரை போகின்றன. தெருவிளக்குக் கம்பமும் தோட்டப் பாதையும் தெரியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இன்றைய வான்படத்தின் மேல் பொருத்தி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பிரான்ஸில் 1807இல் தொடங்கிய நெப்போலியன் காலத்து நில அளவைப் படங்கள் ஒவ்வொரு மனைக்கும் எண் தருகின்றன; அந்த எண்ணைப் பிடித்து உரிமையாளர் பதிவேட்டுக்குப் போகலாம். டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பும் உலகின் பல நகரங்களுக்குப் பெரிய வாசல்.

வரைபடத்தில் அச்சாகியுள்ள ஆண்டை நம்பலாமா?

அது அச்சான ஆண்டு. அளந்த ஆண்டு வேறு. ஓரத்துச் சிறு எழுத்துகளில் அளந்தது, திருத்தியது, வெளியிட்டது என்று மூன்று ஆண்டுகள்கூட இருக்கும். ரயில்பாதையை மட்டும் புதிதாகச் சேர்த்துவிட்டு வீடுகளைப் பழையபடியே விட்டுவிட்ட தாள்களும் உண்டு. சான்போர்ன் தாள்களில் ஒரு கட்டடம் மாறினால் சிறு காகிதத் துண்டில் வரைந்து பழையதன் மேல் ஒட்டினார்கள். ஒரே தாளில் இருபது ஆண்டுக் காலம் அடுக்கடுக்காக இருக்கலாம்.

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் சேதமான கட்டடங்களை லண்டன் கவுண்டி கவுன்சில் நிறமிட்டுக் குறித்தது. கறுப்பு என்றால் முற்றிலும் அழிந்தது. அந்த நிறங்கள் 1940களைச் சேர்ந்தவை. அவற்றின் அடியில் உள்ள தாளோ பல இடங்களில் 1916ஆம் ஆண்டுக்கு உரியது. கறுப்பு நிறத்தின் கீழ் தெரியும் வீடு குண்டு விழும்போது நின்ற வீடா, அதற்கு முன்பே இடித்துக் கட்டியதா என்பதை வேறு சான்றால்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பழைய வரைபடத்தை இன்றையதன் மேல் பொருத்துவது எப்படி?

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு படங்களிலும் மாறாமல் இருக்கும் புள்ளிகளைச் சுட்டிக்காட்டினால் அது பழையதை இழுத்துப் பொருத்தும். புள்ளிகளைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலையின் ஓரம் வேண்டாம், அகலப்படுத்தியிருப்பார்கள். ஆற்றங்கரை வேண்டாம், நகர்ந்திருக்கும். பழைய தேவாலயத்தின் மூலை, கோட்டைச் சுவரின் முனை, கல்பாலத்தின் தூண் நல்லவை. நான்கு மூலைகளிலும் பரவலாக ஆறேழு புள்ளிகள் வையுங்கள். காகிதம் சுருங்கியிருக்கும், மடிப்பில் கிழிந்திருக்கும். சில மீட்டர் பிசகு எப்போதும் இருக்கும். சில மீட்டர் என்பது ஒரு வீடு. எனவே பொருத்திய படத்தை வைத்து "இந்தக் கதவுதான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

படத்தில் தேதி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முகங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் பொருளைப் பாருங்கள். எதன் மேல் எடுத்திருக்கிறார்கள்? வெள்ளி பூசிய செம்புத் தகடு, சாய்த்தால் கண்ணாடிபோல் மின்னி உருவம் மறைந்து தோன்றுகிறது என்றால் அது டாகெரோடைப். 1839இல் அறிமுகமாகி 1850களின் இறுதியில் மறைந்தது. மெல்லிய இரும்புத் தகடு என்றால் 1856க்குப் பிந்தியது. பின்பக்கம் சிறு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இழுக்கும், தேய்க்காதீர்கள். தடித்த அட்டையில் ஒட்டிய, சுமார் 6க்கு 10 செ.மீ. சிறு படம் 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற படக்காரர் காப்புரிமை பெற்ற வகை. அதைவிடப் பெரிதாக 11க்கு 16.5 செ.மீ. அட்டை என்றால் 1866க்குப் பிறகு.

பிறகு பின்பக்கம். அமெரிக்கப் படம் ஒன்றின் பின்னால், தபால்தலை போன்ற, வரி கட்டியதற்கான முத்திரைத்தலை ஒட்டியிருந்தால் அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்றது. அந்த இரண்டு ஆண்டுகள் மட்டுமே படங்களுக்கு அந்த வரி இருந்தது. அஞ்சலட்டையாக அச்சிட்ட படத்தின் பின்பக்கம் நடுக்கோடு போட்டுச் செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் இருந்தால், பிரிட்டனில் 1902க்குப் பிறகு, அமெரிக்காவில் 1907க்குப் பிறகு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சான்று ஸ்டுடியோவின் முகவரி. படக்காரர்கள் அடிக்கடி கடை மாற்றினார்கள். ஆண்டுவாரி முகவரிப் புத்தகங்களில் அந்த ஸ்டுடியோ அந்த எண்ணில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று பார்த்தால் பல படங்கள் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். இரண்டு விஷயங்களுக்கு இடம் விடுங்கள். மிச்சமிருந்த பழைய அட்டைகளைப் புதுக்கடையிலும் பயன்படுத்தியிருப்பார்கள். முகவரிப் புத்தகத்துக்கான தகவலோ முந்தைய ஆண்டின் இறுதியில் திரட்டியதாக இருக்கும்.

உடையை வைத்துக் கணிப்பதில் கவனம் தேவை. வயதானவர்கள் தங்கள் இளமைக்காலத்து உடையிலேயே இருப்பார்கள். படத்தில் உள்ள இளம்பெண்ணைப் பாருங்கள். ஐரோப்பிய உடையில் தோளருகே பலூன்போல் உப்பிய கை 1890களின் நடுப்பகுதியைக் காட்டும்.

தெருக் காட்சி ஒன்று இருக்கிறது. எந்த இடம் என்று தெரியவில்லை.

முதலில் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டாகெரோடைப்பும் இரும்புத் தகட்டுப் படமும் பொதுவாகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித்தான் இருக்கும். கடைப்பலகையின் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் கணினியில் திருப்பிவிட்டுத் தேடுங்கள்.

தெரு வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று ஏமாற வேண்டாம். டாகெரோடைப்பை உருவாக்கிய டாகெர், அதை அறிவிக்கும் முன்பே 1838இல் எடுத்த பாரிஸின் பூல்வார் து டாம்பிள் படத்தில் பரபரப்பான சாலை ஆளரவமற்றுத் தெரிகிறது. பல நிமிடங்கள் ஒளி படவேண்டியிருந்ததால் நடந்தவர்களும் வண்டிகளும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரும், மெருகேற்றியவரும் மட்டும் பதிந்துவிட்டார்கள். ஓர் அசையாத நிழல்போல் அவர்கள் அங்கே இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. உங்கள் படத்திலும் மங்கலான கறைகளை அழித்துவிடாதீர்கள். அவை நடந்துபோன மனிதர்கள்.

பிறகு கடைப் பெயரை முகவரிப் புத்தகத்தில் தேடுங்கள். நிழல் விழும் திசை தெருவின் திசையைக் காட்டும். டிராம் தண்டவாளம் இருந்து மேலே மின்கம்பி இல்லையென்றால் குதிரை டிராம் காலமாக இருக்கலாம். சுவரொட்டியில் கிழமையும் தேதியும் சேர்ந்து தெரிந்தால் பெரிய அதிர்ஷ்டம்: ஒரே தேதி ஒரே கிழமையில் பொதுவாக 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் திரும்ப வரும். தரைத்தளம் மாறியிருந்தாலும் கூரை விளிம்பும் மேல்மாடி ஜன்னல் வரிசையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அண்ணாந்து பார்த்து ஒப்பிடுங்கள்.

எங்கள் குடும்பம் ஏழைக் குடும்பம். சொந்த வீடு கிடையாது. எங்களை யார் வரைந்திருப்பார்கள், யார் படமெடுத்திருப்பார்கள்?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம். நகரங்கள் ஏழைகளின் தெருக்களை மிக நுணுக்கமாகப் பதிந்திருக்கின்றன. பல சமயம் அவற்றை இடிப்பதற்காகவே பதிந்தன; பதிவு மிஞ்சிவிட்டது.

பாரிஸின் பழைய தெருக்களை ஓஸ்மான் இடித்துப் புதுச்சாலைகள் போட்டபோது, இடிபடவிருந்த தெருக்களை நகராட்சிக்காகப் படமெடுத்தவர் சார்ல்ஸ் மார்வில். கிளாஸ்கோவின் நெரிசலான சந்துகளை, இடிப்புக்கு முன், 1868 முதல் 1871 வரை படமாக்கினார் தாமஸ் அன்னன். அவருடைய படங்களில் உலர்த்திய துணிகளும், சந்து முனையில் நிற்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பெயர்கள் இல்லை. ஆனால் சந்தின் எண் இருக்கிறது, அந்த ஆண்டுகளுக்கு அருகே 1871 கணக்கெடுப்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அந்தச் சந்தில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் வந்துவிடும்.

லண்டனில் சார்ல்ஸ் பூத் தெருத்தெருவாக வறுமையை அளந்து ஏழு நிறங்களில் வரைபடம் வெளியிட்டார், 1889இல் முதலில், பிறகு 1898-99இல் திருத்தி. கறுப்பு மிக அடித்தட்டு, மஞ்சள் செல்வந்தர். திருத்தும்போது அவருடைய ஆட்கள் காவலர்களோடு நடந்து எழுதிய குறிப்பேடுகளை லண்டன் பொருளாதாரக் கல்லூரி இணையத்தில் வைத்திருக்கிறது. உடைந்த ஜன்னல், திறந்த கதவு, காலில் செருப்பில்லாத பிள்ளை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றின் தீர்ப்புகளை, குறிப்பாகக் கறுப்புத் தெருக்காரர்களைக் குற்றவாளிகளாகச் சொல்லும் சொற்களை, நான் ஏற்கவில்லை. விவரங்களை எடுத்துக்கொள்கிறேன்.

நியூயார்க்கில் சொத்துவரிக்காக 1939 முதல் 1941 வரை நகரத்தின் ஐந்து வட்டாரங்களிலும் உள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். மாளிகைக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் ஒரே மாதிரி ஒரு படம், மனை எண் எழுதிய பலகையோடு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நகராட்சி ஆவணக்காப்பகம் 2018இல் இணையத்தில் திறந்தது. வாடகைக்கு இருந்தவர்களின் வீடும் அதில் உண்டு.

வாடகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதைக் கண்டு குழம்பாதீர்கள். நியூயார்க்கில் மே முதல் தேதி பாதி நகரமே வீடு மாற்றும் நாளாக நெடுங்காலம் இருந்தது. முகவரிப் புத்தகங்கள் பெரும்பாலும் வீட்டுத் தலைவரை மட்டும் எழுதின. பெண்கள் தனியாக வேலை பார்த்தாலோ விதவையானாலோதான் வருவார்கள். ஓராண்டில் கணவர் பெயரும் அடுத்த ஆண்டில் அதே முகவரியில் "இன்னாரின் விதவை" என்றும் வந்தால், இறப்புச் சான்று கிடைக்காத ஒருவரின் மறைவுக்கு அந்த இரண்டு வரிகளே சான்று.

ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்கிறார்கள். இனி வழியில்லையா?

எரிந்தது எது என்று துல்லியமாகக் கேளுங்கள். 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் 1847க்கும் 1864க்கும் இடையே அயர்லாந்து முழுவதும் வீடுவாரியாக எடுத்த கிரிஃபித் சொத்து மதிப்பீடு இருக்கிறது. குடியிருந்தவர் பெயரும் வரைபடத்தில் அவர் மனையின் எண்ணும் அதில் உண்டு. பின்னால் குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் வெவ்வேறு நிற மையில் அடித்து எழுதிய ஏடுகளும் உள்ளன. எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கும் தேடித் திரட்டிய மெய்நிகர் காப்பகம் ஒன்று 2022இல் திறக்கப்பட்டது.

அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் பாழானது. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு 1942இல் எரிந்தது. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளியை 1939 தேசியப் பதிவேடும் ஆண்டுவாரி முகவரிப் புத்தகங்களும் நிரப்புகின்றன.

மங்கிய படத்தைக் கணினியில் தெளிவாக்கி, வண்ணம் சேர்க்கலாமா?

வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். ஆராய்ச்சிக்கு வேண்டாம். அந்த மென்பொருள் தெரியாத கண்ணுக்குத் தெரிந்த கண் ஒன்றைப் பொருத்துகிறது. படிக்க முடியாத பலகையில் எழுத்துபோன்ற ஒன்றை வரைகிறது. உங்கள் பாட்டியின் முகத்தில் யாரோ ஒருவரின் முகம் கலந்துவிடும். மூலத்தை இருபக்கமும் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து தொடாமல் வையுங்கள்.

கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைப்பது?

ஆண்டு, அன்றைய முகவரி, இன்றைய இடம், எந்தச் சான்று, எவ்வளவு உறுதி என்று ஐந்து கட்டங்கள். கதையாக எழுதுவது பிறகு. ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். நீங்கள் கேள்விக்குறி போடாமல் விட்டதை உங்கள் பேத்தி உண்மை என்று எடுத்துக்கொள்வாள். இணையத்தில் யாரோ ஏற்றிய குடும்ப மரத்தையும் சான்று இல்லாதவரை ஊகக் கட்டத்திலேயே வையுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில்.

வீட்டை இடித்துவிட்டார்கள். போய்ப் பார்ப்பதில் என்ன பயன்?

போங்கள். மனையின் அகலம் பெரும்பாலும் மாறாது. புதுக்கட்டடத்தின் முகப்பை அடியால் அளந்தால் பழைய வரைபடத்தின் அளவு வந்து நிற்கும். தெருவின் ஏற்ற இறக்கம் மாறாது. பெரியவர் சொன்ன திசையில் பள்ளிவரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் நடைபாதையில் பத்து செ.மீ. அளவில் பித்தளை மூடிய கற்களைக் காணலாம். நாஜிகளால் துரத்தப்பட்டும் கொல்லப்பட்டும் போனவர்கள் கடைசியாகத் தம் விருப்பப்படி குடியிருந்த வாசலின் முன் அவர்கள் பெயரோடு பதித்தவை. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய இந்தப் பணி 2023இல் ஒரு லட்சம் கற்களைத் தாண்டியது. வீடு இல்லாத வாசல்களின் முன்னாலும் கல் இருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் யாரோ உட்கார்ந்து, பழைய முகவரிப் புத்தகத்தைப் புரட்டி, எண் மாறியிருக்கிறதா என்று சரிபார்த்திருக்க வேண்டும்.

வீடு இருக்கிறது, வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கதவைத் தட்டலாமா?

முதலில் கடிதம் எழுதுங்கள். சொத்துக்காக வரவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அனுமதி கிடைத்துப் போகும்போது பழைய படத்தின் நல்ல நகல் ஒன்றை அவர்களுக்கும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே படமெடுக்கக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் எடுங்கள். அவர்கள் எப்போது அங்கே வந்தார்கள், அதற்கு முன் யார் இருந்தார்கள், மாடிப்படி எப்போதும் அந்தப் பக்கம்தானா என்று கேளுங்கள். பதிலை வெளியே வந்தவுடன், தெருமுனையில் நின்றே, தேதியோடு எழுதிவிடுங்கள்.